ஆற்றங்கரையில் மூன்று பேர்

"தண்ணி எடுக்கப் போறாளா? நல்லாச் சொன்னீங்க போங்க! கையில மூட்டையைப் பாருங்கண்ணே. வீட்டை விட்டு ஓடிப்போறா!"

படத்தில் முதுகைக் காட்டி ஆற்றை நோக்கி நடக்கும் பெண்ணைச் சுட்டி, துணி வியாபாரி கொர்னேலிஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். ஈரம் காயாத வண்ணம் மூக்கில் ஒட்டிவிடுமோ என்னும் அளவுக்குப் படத்தின் மேல் குனிந்திருந்தார். படத்தைப் பார்த்துக் கதை சொல்வதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

பக்கத்தில் நின்று சிரித்த ஓவியர் யோரிஸ் மரம், மேகம், ஆறு எல்லாம் அற்புதமாக வரைவார். மனிதர்கள் மட்டும் வரவே வராது. ஹார்லெம் நகர ஓவியர்கள் வழக்கப்படி, ஆட்களைப் போட்டுத் தர வேறொருவனிடம் கொடுத்துவிடுவார். நேற்றுதான் அந்த இளைஞன் பால்துஸ் வேலையை முடித்து, படத்தை யோரிஸின் மகள் லைஸ்பெத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"படகுல சிவப்புக் குல்லாயோட ஒருத்தன் காத்திருக்கான் பாருங்க, அவன்தான் காதலன். இந்த மரத்தடியில தொப்பியை மூஞ்சியில கவுத்துக்கிட்டு ஒரு தொப்பையன் தூங்குறானே, இவன் அவளுக்குக் காவல்! தூங்குமூஞ்சிப் பய! நம்ம வீட்டுத் தங்கச்சியா இருந்தா விடுவேனா?"

யோரிஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சிவப்புக் குல்லாய் பால்துஸுடையது. நேரில் பார்க்காத ஆளை அவன் வரையவே மாட்டான். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் லைஸ்பெத்தோடு நின்று பேசாமல் போனதும் இல்லை. தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள்.

வெளியே கால்வாயில் ஆம்ஸ்டர்டாம் படகு கிளம்பும் மணி அடித்தது.

"லைஸ்பெத்!"

அடுப்படியை எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"ஐயோ, கொர்னேலிஸ்! என் பொண்ணு போயிட்டாளே!"

மரச்செருப்பை மாட்டக்கூட நில்லாமல் யோரிஸ் வாசலுக்கு ஓடினார்.

"நான் சொல்லல? கதை உசுரோட நடக்குது! ஓடுங்கண்ணே, பிடிச்சிடலாம்!" பின்னாலேயே ஓடிய கொர்னேலிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசலுக்குப் பக்கத்திலிருந்த நிலவறைப் படியில், பீர் ஜாடியும் கையுமாக லைஸ்பெத் ஏறி வந்தாள்.

"ஏம்ப்பா, வீடு பத்திக்கிச்சா?"

யோரிஸ் மகளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். விஷயத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூவரும் படத்துக்கு முன்னால் திரும்பி வந்தார்கள்.

"சே, சப்புனு போச்சே!" என்றார் கொர்னேலிஸ். "அப்போ இந்த ஓடுகாலி யாரும்மா?"

"அவ முதுகுதானே தெரியுது, எனக்கெப்படித் தெரியும் மாமா?" என்றாள் லைஸ்பெத். "ஆனா இந்தத் தூங்குற ஆளை வரையறதுக்குத்தான் பால்துஸ் தினமும் மத்தியானம் உங்க வீட்டுக்கு வந்தாராம். நீங்க முழிச்சிடக் கூடாதுன்னு உங்க தங்கச்சிதான் சத்தமில்லாம கதவைத் திறந்துவிடுவாங்களாம்."