எஸ்தர் ஊதிய மூச்சு

எஸ்தரின் பன்றிக் கொட்டகையில் ஒன்பதாவது குட்டியும் மூச்சிரைத்துச் செத்தது. அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

“காய்ச்சல் கிருமிக்குத் தனியா ஒண்ணும் செய்யத் தெரியாது, எஸ்தரு. பன்னியோட செல்லுக்குள்ள இருக்கிற புரதமேதான் அதைச் சேர்த்துக்கிட்டு ஆயிரமாப் பெருக்கி விடுது.”

“கிருமி கொல்ல வந்ததுன்னு அந்தப் புரதத்துக்குத் தெரியாதா சார்?”

“அதுக்கு வேலை செய்ய மட்டுந்தான் தெரியும்.”

போன வாரம், பிறந்தும் மூச்சு விடாத ஒரு குட்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதி, இருமலும் காய்ச்சலுமாக இருந்த எஸ்தர்தான் பிழைக்க வைத்தாள். முதலில் இருமியது அந்தக் குட்டிதான்.

பின்னால் சினைப்பன்றி முனகியது. வைக்கோலில் நழுவி விழுந்த குட்டி அசையவில்லை. டாக்டர் திரும்புவதற்குள் எஸ்தர் அதைத் தூக்கி, வாயிலிருந்த கோழையை வழித்துவிட்டாள். தொண்டையில் இருமல் ஏறியது. அதை விழுங்கிக்கொண்டு குட்டியின் மூக்கை நோக்கிக் குனிந்தாள்.