விசில் அடித்த விவசாயி

“இன்னொரு தடவை விசில் அடிச்சா, பாதிப் படத்துல எழுப்பி அனுப்பிடுவேன்.”

பெரியவர் ஒருவரை வாசலுக்கு அழைத்து, மேனேஜர் கிராப்பர் கறாராகச் சொன்னார். புகார் செய்தவள் நான்தான்.

இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலையடிவாரத்தில் சந்தை கூடும் ஊர் எங்களுடையது. யுத்தம் முடிந்து மூன்று வருடம். கொட்டகையில் ஊமைப் படங்களுக்குப் பியானோ வாசிப்பது என் வேலை.

அன்றைய படம் ஒரு விவசாயியையும் அவனுடைய ஆட்டுநாயையும் பற்றியது. பனியில் தொலைந்த மந்தையைத் தேடி நாய் போகிறது. நான் உருகி உருகி வாசிக்கிறேன், பின் வரிசையிலிருந்து விசில் மேல் விசில்.

சந்தைக்கு வந்தவர்கள் தங்கள் ஆட்டுநாய்களைக் காலடியில் படுக்க வைத்திருந்தார்கள். விசில் கேட்டால் அவை சும்மா இருக்குமா? எழுந்து ஓடின.

“யோவ், திரையில இருக்கிற நாய்க்கு உன் விசில் கேக்கவா போகுது?” என்று ஒருவர் கத்த, கொட்டகையே சிரித்தது.

ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் மேனேஜரிடம் போனேன்.

“யார் சார் அந்தப் பெரியவர்?”

“ஐசக் டாலன்டயர். மலை மேல பண்ணை. படத்துல வர்றது அவர் வீட்டு நாயாம்.”

“அந்தப் பெருமையைத்தான் ஊருக்குச் சொல்றாரா? அவர் அடிச்சா நான் வாசிக்க மாட்டேன்.”

அதனால்தான் அந்த எச்சரிக்கை. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“சரிங்கய்யா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படம் மறுபடி ஓடியது. செங்குத்தான சரிவில் நாய் ஆடுகளை மடக்குகிறது. விசில் இல்லை. எனக்குத் திருப்தி.

இசைத்தாளைப் புரட்ட நான் கையெடுத்த நேரத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏம்ப்பா விசிலை நிறுத்திட்டே? நாய் இப்ப எந்தப் பக்கம் போகுது?”

மேனேஜர் டார்ச் அடித்தார். வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தும் அந்த இளைஞன் கண் சிமிட்டவில்லை.

“போர்ல விஷப்புகைங்கய்யா,” என்றார் ஐசக், தணிந்த குரலில். “நாயைப் பழக்கினது இவன்தான். இடப்பக்கம் போனா ஒரு விசில், வலப்பக்கம்னா ரெண்டு. அதைக் கேட்டே படம் பாத்துக்கிட்டு இருந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மேனேஜர் டார்ச்சை அணைத்தார்.

“நாய் இடப்பக்கமா இறங்குது, பெரியவரே,” என்றார். “பையன் காத்துக்கிட்டிருக்கான், அடிங்க.”