பத்திரத்தின் கடைசி வரி

குளச்சலில் நோட்டரி வக்கீலின் அறை. ஜன்னல் வெயிலில் ஸ்டாம்பு பேடின் ஊதா மை பளபளக்கிறது. மீன் வியாபாரி பிலோமினாவுக்கு மறதி நோய் தொடங்கியிருப்பதாக டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நினைவு முழுக்கப் போன பிறகு தன் சிகிச்சையை மருமகள் பெபிஷா முடிவு செய்யட்டும் என்று எழுதிய பத்திரம் பிலோமினாவின் முன்னால் விரிந்திருக்கிறது. இரண்டு சாட்சிகளும் காத்திருக்கிறார்கள். தெளிவோடுதான் கையெழுத்துப் போடுகிறாளா என்று பார்க்க, "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்கிறார் வக்கீல். பெபிஷாவின் விரல்கள் கைப்பையின் வாரை இறுக்குகின்றன. "தேதி வாயில வரல்ல சாரே," என்கிறாள் பிலோமினா. "மீன்பிடித் தடை இண்ணையோட தீருது. நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போவும்லா?" வக்கீல் காலண்டரைத் திரும்பிப் பார்க்கிறார். ஜூலை முப்பத்தொன்று; மேற்குக் கடலில் தடையின் கடைசி நாள். சிரித்தபடி பேனாவை நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. "இன்னும் ஒரு வரி எழுதணும் சாரே. நாளப்பின்ன இவள ஆருன்னு தெரியாம ஏசுவேன், சோத்தத் தட்டிவிடுவேன். அப்பம் நன்றி சொல்ல எனக்குப் புத்தி இருக்காது. இப்பமே சொல்லிட்டேன்னு எழுதும்." "அதுக்கெல்லாம் இதுல இடமில்லம்மா." "கீழ வெள்ளையாத்தான கெடக்கு?" என்று விரலால் தொட்டுக் காட்டுகிறாள். வக்கீல் குனிந்து எழுதுகிறார். பிலோமினா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போடுகிறாள். "இத நான் ஆருக்கு மாமி காட்டணும்?" என்கிறாள் பெபிஷா. பிலோமினா பேனாவை மூடி வைக்கிறாள். "நான் ஏசும்பம் எனக்கே வாசிச்சுக் காட்டு, மக்கா."