மஞ்சள் சீட்டு

“ரெண்டு குழாயும் அடைச்சுப் போச்சும்மா. இனிமே தானா குழந்தை தங்காது,” என்றார் டாக்டர். “உறவு வழியா வந்த தொற்று. வந்த புதுசுலேயே பார்த்திருந்தா ஒரு வார மாத்திரையில போயிருக்கும்.”

“எனக்கு வலி, காய்ச்சல்னு ஒண்ணுமே இல்லையே டாக்டர்!”

“நிறையப் பொம்பளைங்களுக்கு அப்படித்தாம்மா. வெளியே காட்டிக்காது.”

வெளியே நர்ஸ் ஒரு மஞ்சள் சீட்டை நீட்டினாள். “இதை வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பிவைங்க. ஒருத்தருக்கு வந்தா ஜோடிக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்.”

கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ வந்திருக்கும், பாவம், அவருக்கும் தெரியாமலே இருந்திருக்கும் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவன் குளித்துக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். “என்கிட்ட ஒரு குறையும் இல்ல, நீ மட்டும் போய்க் காட்டிட்டு வா” என்று காலையில் விரட்டியவன்.

முகத்துக்கு நேரே நீட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. தனியாக இருக்கும்போது அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனுடைய லைசென்ஸ் உறைக்குள் சீட்டைச் செருகினாள். பாதிக்கு மேல் போகவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது.

விரலை விட்டு இழுத்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோன இன்னொரு மஞ்சள் சீட்டு. அதே ஆஸ்பத்திரி. ‘மனைவியிடம் கொடுக்கவும்’ என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம்.

குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வந்துட்டியா? டாக்டர் என்னடி சொன்னாரு? குறை உன்கிட்டதானே?”