வட்டம் சுற்றும் நேரம்

தச்சநல்லூரில் காந்திமதிநாதனும் அவர் மனைவி சித்ரலேகாவும் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குறுக்குத்துறைக்கு நடந்தே போய், ஆற்றில் முங்கிக் குளித்து, ஈரவேட்டி காய்ந்தபிறகு திரும்பி வந்தாலும், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஜாதகம் அச்சாகி வருவதற்குள் இரண்டு மாப்பிள்ளைகளுக்கு வழுக்கை விழுந்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட காந்திமதிநாதனுக்கு இது மானப் பிரச்சினை. தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுடலைராஜைக் கூப்பிட்டார். அவன் பெட்டிக்குள் இருந்த கனத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கட்டை இஸ்திரி போட்டதுபோல் ஒரு தகட்டை மாட்டினான். எஸ்.எஸ்.டி. என்றான்.

"பழசு எனக்கு எதுக்காவது ஆகும் அண்ணாச்சி" என்று ஹார்டு டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து புலிப்பாய்ச்சல்தான். சுவிட்சிலிருந்து விரலை எடுக்கும் முன்பே திரை திறந்தது. வந்தவர்கள் நின்றபடியே ஜாதகத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்கள். காந்திமதிநாதன் தெருவில் போன கீரைக்காரியைக்கூடக் கூப்பிட்டுத் திறந்து காட்டினார். ஆனால் என்ன, ஆவணி முழுக்க ஒரு சம்பந்தமும் கூடவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எதுவும் பிடிக்க மாட்டேங்கு" என்று அலுத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பெஞ்சின் ஒரு முனையில் சீவலப்பேரி உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள், மகனுக்குப் பெண் தேடி. மறுமுனையில் பேட்டை குமரவேல், மகளுக்கு மாப்பிள்ளை தேடி. காந்திமதிநாதன் பெருமையோடு சுவிட்சைப் போட்டார்.

வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பதறிப்போய்ப் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார். புதுத் தகட்டைக் காணோம். அதன் இடத்தில், போன ஆயுத பூஜைக்கு அவரே வைத்த சந்தனப் பொட்டோடு, பழைய ஹார்டு டிஸ்க் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"திருட்டு! பட்டப்பகல் திருட்டு!" என்று கத்தினார். "நேத்து நான் கோயில்ல இருந்து வாரேன், சுடலைப்பய எதுக்க வந்தான். என்னையக் கண்டதும் சந்துல திரும்பிட்டான். அப்பவே நினைச்சேன்!"

"சே, அவன் நல்ல பிள்ளைல்லா" என்றாள் சித்ரலேகா, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து.

போன் போட்ட வேகத்தில் சுடலைராஜ் வந்து நின்றான்.

"ஏலே, நேத்து இங்கன வந்தியா இல்லையா?"

"வந்தேன் அண்ணாச்சி."

"மூடியைக் கழட்டுனியா?"

அவன் அடுக்களையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தூசி நிறைய இருந்துச்சு அண்ணாச்சி."

"தூசி புதுசைத் தின்னுட்டுப் பழசைக் கக்கிட்டாக்கும்! இரு, ஸ்டேசனுக்குப் போகுதேன். நாளையில இருந்து உன் கடைவாசல்ல காக்கா குருவிகூட ஒக்காராது."

சுடலைராஜுக்கு வேர்த்து வழிந்தது. "இப்பத்தான் நாலு பேரு நம்பி வாராவ அண்ணாச்சி. பேரைக் கெடுத்துராதீங்க."

விசாரணை இந்தப் பக்கம் சூடாக நடக்க, பெஞ்சில் குமரவேல் பொழுது போகாமல் உலகம்மாளிடம் கேட்டார்: "சீவலப்பேரியில எங்கன?"

"ஆத்துக்குப் போற தெருவு."

"குற்றாலலிங்கம் வாத்தியார் வீட்டுப் பக்கமா?"

"அவுக எங்க மாமனாருக்கு ஒண்ணுவிட்ட தம்பில்லா!"

"அடடே! எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது அவுகதான். அவுக குடுத்த அடி இன்னும் முதுகுல கெடக்கு."

சித்ரலேகா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். குற்றவாளிக்கும் ஒரு டம்ளர். பெஞ்சின் இரு முனைகளும் பைய நடுவுக்கு நகர்ந்தன. போன்களில் போட்டோக்கள் கைமாறின. "பொண்ணுக்கு மூக்கு எங்க வீட்டு மூக்காட்டம்லா இருக்கு!" என்று உலகம்மாள் உருகினாள்.

வட்டம் ஒருவழியாக நின்று, "ஜாதகம் வந்தாச்சு!" என்று காந்திமதிநாதன் கூவியதைப் பெஞ்சில் யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்ப்பது, அன்றைக்குக் கேசரியா பாயசமா, கல்யாணத்தில் எந்தச் சித்தப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போவார் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள்.

காந்திமதிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

"நல்ல காரியம் பேசுன எடத்துல போலீசா? வேண்டாம் அண்ணாச்சி" என்று உலகம்மாள் தடுத்தாள்.

"விட்டுருங்க, பாவம்" என்றாள் சித்ரலேகாவும்.

காந்திமதிநாதன் யோசித்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மனைவியைக் காட்டினார். "ஏலே, இந்த மகராசி சொன்னதுக்காக உன்னைய விடுதேன். இப்படி ஒரு வெள்ளை மனசு ஒலகத்துல உண்டுமா? கும்பிட்டுக்கலே!"

சுடலைராஜ் நிஜமாகவே கும்பிட்டான்.

வாசல்வரை அவனோடு வந்த சித்ரலேகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நேத்து நீ கழட்டித் தந்தது அரிசிப் பானைக்குள்ள பத்திரமா கெடக்கு, உன் பேரு கெடாம நான் பாத்துக்கிடுதேன், அண்ணாச்சி இன்னொண்ணு வாங்கி மாட்டுனாலும் நான் கூப்பிடுதப்ப வந்து கழட்டிரு, என்ன? பெட்டி பட்டுன்னு தொறந்துட்டா எவன் இங்கன ஒக்காந்து சம்பந்தம் பேசுவான்?"