இன்றைக்கு மறுமுனையிலிருந்து

“இன்னிக்கு நேர்மாறா! இங்கேருந்து கிளம்பி, தினமும் நீ என்னை இறக்கிவிடற ஊருக்கு வர்றேன். கேரவனை அங்கே கொண்டு வந்துடு” என்றார் டெல்பர்ட், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

அவர் மனைவி மார்லிஸுக்குப் பகீரென்றது. “வேண்டாம் டெல். நடுவுல ரயில் குகை வேற, ஒரே இருட்டு...”

“குகை தினமும்தான் இருட்டா இருக்கு! நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் மூச்சு வாங்காம பறக்கிறானேன்னு உனக்குப் பொறாமை!”

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிளுக்கு விட்டிருந்த அந்தப் பழைய ரயில் பாதையில், விசிலடித்தபடி கிளம்பிவிட்டார்.

மார்லிஸ் கேரவனை ஓட்டிப் போய் மறுமுனை ஸ்டேஷனில் நிறுத்தினாள். அவருக்காக வாங்கிய பொரித்த சீஸ் ஆறிப்போனது. அவள் பார்வை பாதையை விட்டு நகரவில்லை.

கடைசியில் வந்தார். முகம் தக்காளி, சட்டை தொப்பல். இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்: “வந்துட்டேன்டி!”

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“ஏன் கிழவி, இத்தனை நாளா என்னை மேட்டுப் பக்கமே இறக்கிவிட்டே?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயிலுக்காகப் போட்ட சரிவு, கண்ணுக்கே தெரியாது. “யார் சொன்னா?”

“பாதையோர வாய்க்கால். முதல் நாளே சொல்லிடுச்சு. தினமும் தண்ணி என்கூடவே ஓடி வரும். இன்னிக்கு வழி முழுக்க எதிர்த்து வந்துச்சு!”

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். கேரவன் சாவியை அவர் கையில் திணித்தாள்.

“நாளைக்கு நீ ஓட்டு. என்னை மேட்டுப் பக்கமே இறக்கி விடு!”