வேலை பேசாத ஞாயிறு

"போனைக் குடுங்க."

ஏரிக்கரையில் வண்டி நின்று இன்ஜின்கூட இன்னும் அணையவில்லை. அதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு மெசேஜ்..."

"குடுங்கன்னேன்ல? சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் வேலையைப் பத்திப் பேசக் கூடாது. பேசினா ஒரு மாசத்துக்குப் பாத்திரம் தேய்க்கிறது நீங்கதான். பந்தயம்!"

கட்டின புருஷனை இப்படியா எல்லார் முன்னாலும் விரட்டுவாள் என்று அத்தைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்தவர். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, டாக்டரின் உதவியாளரிடமே "ழீங்க எத்தழ வழுஷமா இழுக்கீங்க? மாழுற எண்ணம் உண்டா?" என்று கேட்டவர்.

அதைப் பின்சீட்டிலிருந்து பஞ்சு உட்பட அப்படியே பேசிக் காட்டினாள் மகள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஊரில் இருக்கிற அத்தனை குரலும் அவள் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருந்தன.

மாமா வண்டி அதிரச் சிரித்தார். அம்மாவின் தம்பி. "நானெல்லாம் ஞாயித்துக்கிழமை போனையே அணைச்சுடுவேன் அத்தான். திங்கக்கிழமை நான் போனாத்தான் எங்க கிடங்குல கதவே திறக்கும்!"

அவர் மனைவியான அத்தை பெருமையாகத் தலையாட்டினாள்.

"அப்பாவை நான் உளவு பாக்குறேன்!" என்று குதித்தாள் ரேடியோ.

"அதெல்லாம் வேணாம். பேசாம என்கூடப் படகுல வா," என்றாள் அம்மா.

ரேடியோவா கேட்பாள்?

பாய் விரித்துச் சாப்பிட்டு முடித்ததும் அப்பா மெல்ல எழுந்தார். "கை கழுவிட்டு வரேன்." போனவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமாவும் எழுந்து, கால் மரத்துப்போச்சு, ஒரு நடை நடந்துட்டு வரேன் என்று கிளம்பினார்.

ரேடியோ பூனை மாதிரி நழுவினாள். படகுக் கொட்டகைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவே அப்பாவின் குரல் கடுகடுவென்று பொரிந்தது.

"போன வேலையை ஏன் விட்டீங்க?"

மாட்டினார்! அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் கம்பெனி வழக்கம் அது. இன்டர்வியூவுக்குப் போகிறவரை முந்தின நாளே உட்காரவைத்து, சிடுமூஞ்சி முதலாளி மாதிரி நடித்து வறுத்தெடுத்துவிடுவார்.

"அது வந்து சார்... அது என்னன்னா..."

சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. மாமா!

"'அது வந்து' வேண்டாம் மாப்ளே. ஆளைக் குறைச்சாங்க, உன்னையும் அனுப்பிட்டாங்க. இதுல உன் தப்பு என்ன இருக்கு? நேராச் சொல்லு."

"நாக்கு வரலை அத்தான். வீட்ல அவகிட்டயே சொல்லலை. தினம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிப் போய்ப் பார்க்ல உக்காந்திருக்கேன். அக்காவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நாளைக்கும் கோட்டை விட்டேன்னா..."

"விட மாட்டே. எழுந்திரு. வெளிய போய் மறுபடி உள்ள வா. ம்... யாருய்யா நீ? உன்னை நான் எதுக்கு எடுக்கணும்?"

மாமா படகைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஆளைக் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க சார். ஆனா என் பொறுப்புல இருந்த வரைக்கும் அந்தக் கிடங்குல ஒரு பெட்டி காணாமப் போனதில்ல. அதுக்குத்தான் நீங்க என்னை எடுக்கணும்!"

"அப்படிப் போடு! இதான்டா மாப்ளே! நாளைக்கு இதை அப்படியே சொல்லு!" அப்பா தொடையைத் தட்டிய சத்தத்தில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

பின்னால் நகர்ந்த ரேடியோ ஒரு துடுப்பைத் தட்டிவிட்டாள். மாமா திரும்பிப் பார்த்தார். அவள் எடுத்தாள் ஓட்டம்.

பாயில் அத்தை காத்திருந்தாள். "என்னடி, உங்கப்பா மாட்டினாரா? மூஞ்சியே சொல்லுதே! போடு ரேடியோவை!"

அதற்குள் அப்பா ஒரு பக்கமிருந்தும் மாமா இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தார்கள். மாமாவின் முகத்தில் ஈ ஆடவில்லை. அத்தை கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

ரேடியோ மூச்சை இழுத்துப் பிடித்தாள். முதலில் அப்பாவின் குரல் வந்தது.

"'தம்பி, எத்தனை வருஷமா படகு ஓட்டுறே?'"

அடுத்து, இதுவரை உலகத்தில் யாருக்குமே இல்லாத ஒரு கரகரப்பு.

"'பொறந்ததுலேர்ந்து சார்! நீச்சல்தான் தெரியாது!'

'பரவால்ல, எனக்குத் தெரிஞ்ச கப்பல் கம்பெனில அதையெல்லாம் கேக்க மாட்டாங்க. மாறுற எண்ணம் உண்டா?'"

அத்தை பாயிலேயே உருண்டு சிரித்தாள். அப்பா மகளை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். "தோத்துட்டேம்ப்பா! எங்க பாத்திரம்?"

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு மாமா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை அவரால்.

"திருந்தாத ஜென்மம்!" என்று அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டு, மகளைத் தரதரவென்று படகுக்கு இழுத்துப் போனாள் அம்மா.

நடு ஏரி வரை அம்மா விறுவிறுவென்று பெடல் மிதித்தாள். பிறகு பெடலை நிறுத்தினாள். கரையில் இருக்கிறவர்களுக்குக் கேட்காது என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"அந்தப் படகுக்காரன் குரல் நீயா இட்டுக்கட்டினதுதானே?"

"ஐயோ, இல்லம்மா! நிஜமாவே அந்த ஆளு..."

"சரி சரி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் அம்மா. "என் தம்பி தடுமாறாமப் பதில் சொன்னானா?"